வெப்பம் தேங்கும் இடம்: சிபியூ கூலரின் முப்பது ஆண்டுகள்

கணினியை ஓவர்கிளாக் செய்ய, அதாவது சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டக் கிளம்புகிறவர்கள் கூலர் வாங்கும்போது பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். பெரியதாக இருந்தால் நல்லது, தண்ணீர் ஓடினால் அதைவிட நல்லது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு கூடுதலாக இருந்தால் எல்லாவற்றையும்விட நல்லது. இந்த அளவுகோல் ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. அந்தக் காலம் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அளவுகோல் மட்டும் மாறவில்லை. சிபியூ கூலரின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், வெப்பம் எங்கே தேங்குகிறது என்று தேடித் தேடி அந்த இடத்தைத் திறந்துவிட்டதுதான் அதன் முழுக் கதை. முதலில் காற்றில் தேங்கியது. பிறகு உலோகத்தில் தேங்கியது. அடுத்துச் சிப்பின் மூடிக்கு அடியில். இன்று சிலிக்கனுக்கு உள்ளேயே தேங்குகிறது. ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும், முந்தைய காலத்தின் மிகச் சரியான முதலீடு அடுத்த காலத்தின் வீண் செலவாக மாறியது. இந்த நகர்வைப் புரிந்துகொள்ளாமல் இன்று கூலர் வாங்குகிறவர், 2001ஆம் ஆண்டின் பிரச்சினைக்குத்தான் இன்றைய பணத்தைக் கொடுக்கிறார் என்பது என் வாதம்.

அடிப்படை இயற்பியல் எளிமையானது. சிப்பில் பிறக்கும் வெப்பம் அறைக் காற்றைச் சேர்வதற்குள் பல கட்டங்களைக் கடக்கிறது: சிலிக்கன், அதன் மேல் பற்றாசு அல்லது பசை, செம்பு மூடி, மறுபடியும் தெர்மல் பேஸ்ட், கூலரின் அடித்தட்டு, ஹீட் பைப், தகடுகள், கடைசியாகக் காற்று. ஒவ்வொரு கட்டமும் ஒரு வெப்பத் தடை. ஒரு வாட் வெப்பத்துக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று அதை அளக்கிறார்கள். தடைகள் வரிசையாக நிற்பதால் அவை கூடிக்கொண்டே போகும். எது மிகப் பெரியதோ அதுவே முடிவைத் தீர்மானிக்கும். கல்யாண மண்டபத்தின் வாசல் குறுகலாக இருக்கும்போது வெளியே தெருவை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கூட்டம் சீக்கிரம் கலையாது. வெப்பம் பிறக்கும் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. சிப்பின் மின்செலவு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறும். வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருப்பதால், ஓவர்கிளாக் செய்கிறவர் எப்போதுமே கிடைக்கும் வேகத்தைவிட அதிக விகிதத்தில் வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறார்.

மேசைக் கணினிக்கு இந்தக் கவலை வந்தது தாமதமாகத்தான். பெருங்கணினிகளின் உலகத்தில் அது முன்பே தீர்க்கப்பட்டிருந்தது. 1980இல் வந்த ஐபிஎம் 3081 தன் சிப்புகளை ஹீலியம் நிரப்பிய பெட்டிகளில் அடைத்து, குளிர்ந்த நீரால் வெப்பத்தை வெளியேற்றியது. 1985இல் வந்த கிரே-2 தன் சுற்றுப்பலகைகளையே ஃப்ளூரினர்ட் என்ற திரவத்தில் மூழ்கடித்தது. ஆனால் வீட்டு மேசையில் இருந்த இன்டெல் 386 சிப்புக்கு, வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் தேவைப்படவில்லை; 486இன் மெதுவான வகைகள் பலவும் அப்படியே ஓடின. 1992இல் வந்த 66 மெகாஹெர்ட்ஸ் 486டிஎக்ஸ்2 காலத்தில்தான் சிறிய ஹீட்சிங்குகளும் ஃபேன்களும் பரவலாயின. அடுத்த ஆண்டு, 5 வோல்ட்டில் ஓடி ஏறத்தாழ 15 வாட் வெப்பம் கக்கிய முதல் பென்டியம் சிப்புகள் அவற்றைக் கட்டாயமாக்கின. அன்றைக்குக் கூலர் என்றால் சிப்போடு சேர்ந்து வரும் அலுமினியத் துண்டு. அதைத் தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வந்திருக்க நியாயமில்லை.

அந்த எண்ணத்தைப் பரப்பியதில் 1998 ஆகஸ்டில் வெளியான ஒரு மலிவு விலைச் சிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இன்டெலின் செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 4.5 மடங்கு வேகத்தில், அதாவது 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி விற்கப்பட்டது. போலி வியாபாரிகள் மெதுவான சிப்பில் வேகமான எண்ணை அச்சிட்டு விற்றதைத் தடுக்க இன்டெல் அந்த மடங்கை, அதாவது மல்ட்டிபிளையரைப் பூட்டியிருந்தது. ஆனால் பஸ் வேகத்தைப் பூட்டவில்லை. அதே காலத்தின் 440பிஎக்ஸ் மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸைத் தாங்கின. மதர்போர்டு பஸ்ஸைத் தானே கண்டறியும் வகையாக இருந்தால், சிப் அட்டையின் விளிம்பில் உள்ள பி21 என்ற தொடுமுனையின் மேல் சின்ன டேப் துண்டை ஒட்டினால் போதும். ஏபிட் பிஹெச்6 போன்ற மதர்போர்டில் பயாஸ் திரையிலேயே மாற்றிவிடலாம். 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். அதே மாதம் வெளியான 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2இன் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான பணத்தில், விளையாட்டுகளில் அதை ஒட்டிய வேகம் கிடைத்தது.

இதில் கூலரின் பங்கு என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். செலரான் 300ஏ ஏறத்தாழ 19 வாட் சிப். வோல்டேஜை 2.0இலிருந்து 2.2க்கு ஏற்றி வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் மின்செலவு 1.8 மடங்காகும், 34 வாட்டைத் தாண்டும். சிப்போடு வந்த சின்ன ஹீட்சிங்க் திணறும் எல்லை அது. திறமையான கூலர் ஒன்றைப் பூட்டினால் சிப் பல டிகிரி குளிரும். குளிர்ந்த சிப் இன்னும் கொஞ்சம் வேகம் ஏறும். அதாவது, அன்று சிப்புக்கும் காற்றுக்கும் நடுவே இருந்த மிகப் பெரிய தடை ஹீட்சிங்கும் அதன் ஃபேனும்தான். நல்ல கூலர் என்பது நேரடியாக மெகாஹெர்ட்ஸாக மாறியது. “பெரிய கூலர் வாங்கு” என்ற அறிவுரை பிறந்த காலம் இது. பிறந்த காலத்தில் அது மிகச் சரியான அறிவுரை.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த அறிவுரை எல்லை வரை இழுக்கப்பட்டது. ஏஎம்டியின் தண்டர்பேர்ட் ஆத்லான் 2000ஆம் ஆண்டில் வந்தது. 2001இல் அதன் 1.4 கிகாஹெர்ட்ஸ் வகை 72 வாட்டைத் தொட்டது. ஏறத்தாழ 120 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சிலிக்கன் துண்டு, மேலே மூடி எதுவுமில்லாமல் வெறுமையாக நின்றது. நான்கு மூலைகளிலும் நான்கு ரப்பர் வட்டங்கள் மட்டும் பாதுகாப்பு. கூலரை இறக்கி, எஃகுக் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி சாக்கெட்டின் கொக்கியில் மாட்ட வேண்டும். கூலர் சற்றே சாய்ந்தாலும் சிலிக்கனின் மூலை உடையும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் மதர்போர்டின் செம்புக் கோடு அறுபடும். அந்தக் கொக்கிகள் தாங்க வேண்டியிருந்ததால், கூலரின் எடை 300 கிராமைத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி வரையறுத்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றினால் என்ன ஆகும் என்று காட்டும் சோதனைப் படம் ஒன்று 2001இல் வெளியாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது: பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது, ஆத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. கூலர் என்பது வேகத்துக்கான துணைப்பொருள் என்ற நிலை மாறி, சிப்பின் உயிருக்கே காவலாக மாறியிருந்தது.

300 கிராம் வரம்புக்குள் செயல்திறனைக் கூட்ட இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, செம்பு. அலுமினியத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் மூன்று மடங்குக்கு மேல் கனமானது. ஜப்பானின் ஆல்ஃபா, தைவானின் தெர்மல்ரைட் போன்ற நிறுவனங்கள் செம்பு அடித்தட்டையும் மெல்லிய தகடுகளையும் வைத்து இந்த இழுபறியைச் சமாளித்தன. இன்னொரு வழி, காற்றை வெறித்தனமாக ஊதுவது. குளோபல்வின் எஃப்ஓபி38 என்ற கூலரில் இருந்த 60 மில்லிமீட்டர் டெல்டா ஃபேன் நிமிடத்துக்கு 7000 சுற்றுகள் சுழன்றது. அதன் இரைச்சல் கதவை மூடினாலும் அடங்காது. ஓவர்கிளாக் செய்கிறவர்கள் அதைப் பெருமையாகப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் இங்கே தடை எது என்று பார்க்க வேண்டும்: உலோகத்தை மாற்றினால் கொஞ்சம் லாபம், காற்றைக் கூட்டினால் கொஞ்சம் லாபம், இரண்டுக்கும் கொடுக்கும் விலை தாங்க முடியாதது. பிரச்சினை வடிவத்தில் இருந்தது.

ஃபேன் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஃபேன் தள்ளும் காற்றின் அளவு அதன் சுற்று வேகத்துக்கும், விட்டத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 60 மில்லிமீட்டருக்குப் பதிலாக 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்தால், அதே காற்றை எட்டில் ஒரு பங்கு வேகத்தில் தள்ளலாம். 7000 சுற்று செய்த வேலையை 900 சுற்றுக்குக் குறைவாகவே செய்துவிடலாம். மெதுவான ஃபேனுக்கு அழுத்தம் குறைவு என்பதால் தகடுகளுக்கு இடையில் அகலமான இடைவெளி வேண்டும். அப்படியானால் மொத்தப் பரப்பும் பெரிதாக வேண்டும். தென்கொரியாவின் ஜால்மன் நிறுவனம் 2003இல் கொண்டுவந்த சிஎன்பிஎஸ்7000, செம்புத் தகடுகளைப் பூப்போல விரித்து, நடுவில் பெரிய ஃபேனை மெதுவாகச் சுழல வைத்தது. ஆனால் வெப்பத்தை இவ்வளவு தொலைவுக்கு விரிக்கும்போது திடச் செம்பே புதிய தடையாகிவிடுகிறது. நடுவிலுள்ள சூடு தகட்டின் நுனிக்குப் போய்ச் சேருவதற்குள் பெருமளவு குறைந்துவிடும். நுனிகள் வெறும் எடையாக நிற்கும்.

அந்தத் தடையை உடைத்தது ஹீட் பைப். கருத்து பழையது: ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் காக்லர் 1940களில் காப்புரிமை பெற்றார், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஜார்ஜ் குரோவர் 1963இல் அதை மீண்டும் கண்டுபிடித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார், விண்கலங்கள் அதைப் பயன்படுத்தின. மூடிய செம்புக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிறிதளவு நீர் மட்டும் வைக்கிறார்கள். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அந்த நீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகும். சூடான முனையில் எழும் ஆவி குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கே நீராகித் தன் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொடுக்கிறது. குழாயின் உட்சுவரில் உருக்கி ஒட்டிய செம்புத்தூள் படலம் அந்த நீரை உறிஞ்சித் திரும்ப இழுத்து வருகிறது. ஓடும் பாகம் ஏதுமில்லை; தேய்வதற்கும் ஒன்றுமில்லை. திடச் செம்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பம் நகரும். மடிக்கணினிகளில் 1990களிலேயே இருந்த இந்தக் குழாய், 2000களின் முதற்பாதியில் மேசைக் கணினிக் கூலருக்கு வந்ததும் வடிவம் அடியோடு மாறியது. தகடுகள் மதர்போர்டை விட்டு உயர்ந்து கோபுரமாயின. 120 மில்லிமீட்டர் ஃபேன் இயல்பான அளவாயிற்று. காற்றின் தடையும் உலோகத்தின் தடையும் ஒரே அடியில் சரிந்தன.

இதே காலத்தில் சிப் நிறுவனங்கள் ஒரு சுவரில் மோதின. டிரான்சிஸ்டர் சிறியதாகும்போது வோல்டேஜும் குறையும், ஆகவே சதுர சென்டிமீட்டருக்கான வெப்பம் ஏறாது என்று 1974இல் ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் காட்டியிருந்தார்கள். மூன்று பத்தாண்டுகள் அந்த விதி கைகொடுத்தது. பிறகு மின்கசிவு காரணமாக வோல்டேஜைக் குறைக்க முடியாமல் போனது. இப்படியே போனால் சிப்பின் வெப்ப அடர்த்தி அணு உலையை எட்டும் என்று இன்டெலின் பேட் கெல்சிங்கர் 2001இல் நடந்த ஒரு பொறியியல் மாநாட்டில் எச்சரித்தார். 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4, 115 வாட் வரை தின்றது. அதே ஆண்டு மே மாதம் அடுத்த தலைமுறையான தேஜாஸ் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4உம் கைவிடப்பட்டது. இன்டெலின் தலைமை அதிகாரி கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். கணினிப் பெட்டியின் அமைப்பையே காற்றோட்டத்துக்காக மாற்றப் பார்த்த பிடிஎக்ஸ் திட்டமும் 2006இல் முடிந்தது. அவ்வாண்டு ஜூலையில் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டில் பிரெஸ்காட்டைத் தோற்கடித்தது. கூலரால் தீர்க்க முடியாததைச் சிப்பின் வடிவமைப்பு தீர்த்தது. கூலர் தேர்வைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்தப் பாடம் நினைவில் இருக்க வேண்டும்.

2006 முதல் 2011 வரை ஓவர்கிளாக்கிங்கின் பொற்காலம் என்று சொல்லலாம். சிப்புகள் குளிர்ச்சியாகிவிட்டன, கூலர்களோ பிரெஸ்காட்டுக்குத் தயாராகி நின்றன. 2005இல் தொடங்கிய ஆஸ்திரிய நிறுவனம் நொக்டுவா, அமைதியையே தன் அடையாளமாக்கியது. கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212, நான்கு ஹீட் பைப்களோடு எளிய விலையில் வந்து நடுத்தரக் கணினிகளின் வழக்கமான தேர்வாயிற்று. 2011 ஜனவரியில் இன்டெல் கோர் ஐ5-2500கே வந்தது. 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற சிப், அந்த நடுத்தரக் கூலரிலேயே 4.5 கிகாஹெர்ட்ஸை எளிதாகத் தொட்டது. 36 விழுக்காடு கூடுதல் வேகம். செம்பு மூடியும் சிலிக்கனும் பற்றாசால் ஒட்டப்பட்டிருந்ததால் வெப்பம் தங்குதடையின்றிக் கூலருக்கு வந்தது. கூலரின் திறமை முழுவதும் சிப்புக்குப் போய்ச் சேர்ந்த கடைசிப் பெருந்தலைமுறை அது.

அடுத்த ஆண்டே நிலை மாறியது. 2012 ஏப்ரலில் வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறையில் இன்டெல் பற்றாசை விட்டு, மூடிக்கு அடியில் சாதாரண தெர்மல் பேஸ்ட்டை வைத்தது. பற்றாசில் பயன்படும் இண்டியம் உலோகம், நல்ல பேஸ்ட்டைவிடப் பல மடங்கு வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, மூடியை ஒட்டிய பசையின் தடிப்பு மூடிக்கும் சிலிக்கனுக்கும் இடையே நுண்ணிய இடைவெளியை உண்டாக்கியது. மூடியைப் பிளேடால் அறுத்துத் திறந்து, உள்ளே திரவ உலோகக் கலவை தடவி மறுபடி மூடியவர்கள் 10 முதல் 20 டிகிரி வரை வெப்பம் குறைவதைக் கண்டார்கள். அந்த 20 டிகிரியை உலகத்தின் எந்தக் கூலரும் தந்திருக்க முடியாது. கூலருக்கு எட்டாத இடத்தில் வெப்பம் தேங்கியிருந்தது. ஆத்லானின் மூலை உடையாமல் காக்க வந்த மூடி, பத்தாண்டில் தானே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. 2018 அக்டோபரில் கோர் ஐ9-9900கே வந்தபோது பற்றாசு திரும்பி வந்தது. 2020இல் அடுத்த தலைமுறைக்கு இன்டெல் சிலிக்கனையே மெல்லியதாக்கி, செம்பு மூடியைத் தடிப்பாக்கியது. தடை சிலிக்கனின் தடிப்பு வரை உள்ளே போய்விட்டது என்பதற்கு உற்பத்தியாளரே தந்த சாட்சியம் இது.

இன்றைய நிலையை ஓர் ஒப்பீடு காட்டும். ஐ5-2500கேயின் சிலிக்கன் 216 சதுர மில்லிமீட்டர், 95 வாட். சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 44 வாட். ஏஎம்டியின் ரைசன் 7000 தலைமுறையின் எட்டு கோர் கொண்ட சிலிக்கன் துண்டு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர்; அதில் 100 வாட் ஓடினால் சதுர சென்டிமீட்டருக்கு 140 வாட்டுக்கு மேல். அடர்த்தி மூன்று மடங்கு. இவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெப்பம் பக்கவாட்டில் பரவி மூடியை நிறைப்பதற்குள்ளேயே பெரும்பகுதி டிகிரிகள் செலவாகிவிடுகின்றன. பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக அந்த மூடியும் தடிப்பாக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டு நேரடியாகச் சிலிக்கனைக் குளிர்வித்துச் சோதித்தபோது 20 டிகிரியை ஒட்டிய குறைவு கிடைத்தது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டிலோ, நீண்ட சிப்பைப் பிடிக்கும் கிளிப் மூடியை நடுவில் அமுக்கி வளைத்தது. அதைச் சமன்படுத்தும் சின்ன உலோகச் சட்டம் ஒன்று கூலரை மாற்றாமலேயே சில டிகிரிகளைக் குறைத்தது.

தடை உள்ளே நகர்ந்தது ஒரு மாற்றம். சிப்பில் மிச்சமிருந்த வேகத்தை உற்பத்தியாளரே எடுத்துக்கொண்டது இன்னொரு மாற்றம். 2008 நவம்பரில் முதல் கோர் ஐ7 டர்போ பூஸ்ட்டோடு வந்தது: வெப்பமும் மின்செலவும் இடம் கொடுத்தால் சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். 2010 முதல் பூட்டில்லாத சிப்புக்குக் ‘கே’ என்ற எழுத்து போட்டுக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2012இல் இன்டெல் ஓவர்கிளாக்கிங்குக்கென்றே கூடுதல் கட்டணத்தில் காப்புத் திட்டம் விற்றது. 2023இல் வந்த கோர் ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்ததுமே 6 கிகாஹெர்ட்ஸை எட்டியது. செலரானில் 50 விழுக்காடும், 2500கேயில் 36 விழுக்காடும் வாங்குகிறவருக்காகக் காத்திருந்தன. இன்று எஞ்சியிருப்பது சில விழுக்காடு. அந்தச் சில விழுக்காட்டின் எல்லை எவ்வளவு ஆபத்தாக நெருங்கியிருக்கிறது என்பதை 2024 காட்டியது. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் சிப்புகள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிதைவதை நிறுவனமே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடைத் திருத்தி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இதை எந்தக் கூலரும் தடுத்திருக்காது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 253 வாட் வரை இழுக்கும் சிப்புகள் இருக்கின்றன. சின்னக் கூலர் போட்டால் 100 டிகிரியைத் தொட்டு வேகம் குறைகிறதே, பெரிய கூலர் போட்டால் குறைவதில்லையே என்பார்கள். உண்மைதான். வீடியோ என்கோடிங், முப்பரிமாணக் காட்சி உருவாக்கம் போன்று எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் வேலை வாங்குகிறவருக்குப் பெரிய கூலர் நேரடியாக நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நம் பேச்சு விளையாட்டுக் கணினியைப் பற்றியது. விளையாட்டுகள் எல்லாக் கோர்களையும் முழுமையாக நிரப்புவதில்லை. அதே சிப் அங்கே உச்சவரம்புக்கு வெகு கீழேதான் இழுக்கிறது. ரைசன் 7 7800எக்ஸ்3டி இன்னும் அழுத்தமான சான்று. மொத்தம் 96 மெகாபைட் எல்3 கேஷ் வருமாறு சிலிக்கனின் மேல் கூடுதல் துண்டை அடுக்கிய அந்தச் சிப், வழக்கமான ஓவர்கிளாக்கிங்குக்கு இடமே தராமல், குறைந்த மின்செலவில், 2023இல் விளையாட்டு வேகத்தில் முன்வரிசைக்கு வந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் மாற்றி வைத்தார்கள். கோர்கள் மூடிக்கு அருகே வந்ததும் சிப் குளிர்ந்தது, வேகம் ஏறியது, ஓவர்கிளாக்கிங்கும் திறந்துவிடப்பட்டது. 2006இன் பாடம் மறுபடியும் உறுதியானது: பெரிய பாய்ச்சல் சிப்பின் அமைப்பில் நடக்கிறது.

இரண்டாவது மறுப்பு, லிக்விட் கூலரைப் பற்றியது. 1990களின் இறுதியில் மீன்தொட்டிப் பம்பும் கார் ஹீட்டரின் ரேடியேட்டரும் வைத்து ஆர்வலர்கள் தாங்களே செய்துகொண்டதை, டென்மார்க்கின் அசெடெக் போன்ற நிறுவனங்கள் மூடிய பொருளாக்கின. 2009இல் வந்த கோர்சேர் ஹெச்50 அதைப் பரவலாக்கியது. நீர் காற்றைவிடச் சிறந்தது என்ற நம்பிக்கை இதிலிருந்து வேரூன்றியது. நீர் செய்வது கடத்தல் வேலை மட்டும்தான். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் 250 வாட் வெப்பம் அந்த நீரை 3.6 டிகிரிதான் ஏற்றும். ஆகவே கடத்தலில் தடையே இல்லை என்று சொல்லலாம். ஆனால் வெப்பம் கடைசியில் ரேடியேட்டரின் தகடுகள் வழியாகக் காற்றுக்குத்தான் போக வேண்டும். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வெல்வதற்குக் காரணம், மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்களுக்கு உரிய பரப்பு அதற்கு இருப்பதே. 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலரை நல்ல கோபுரக் கூலர் பெரும்பாலும் சமன்செய்கிறது. நீரின் கொள்ளளவு காரணமாக முதல் சில நிமிடங்கள் வெப்பம் மெதுவாக ஏறுவதால், சுருக்கமான சோதனைகள் லிக்விட் கூலரை உள்ளதைவிட உயர்வாகக் காட்டவும் செய்கின்றன. பம்ப் ஓர் ஓடும் பாகம். அது ஒருநாள் நிற்கும். ஹீட் பைப்பில் நிற்பதற்கு எதுவுமில்லை.

திரவ நைட்ரஜன் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறார்களே, குளிர்ச்சி வேகமாக மாறுகிறது என்பதற்கு அது சான்றில்லையா என்றும் கேட்கலாம். சான்றுதான், ஆனால் அங்கே மைனஸ் 196 டிகிரி திரவம் எல்லாத் தடைகளின் அடியிலும் 200 டிகிரியை ஒட்டிய கூடுதல் இறக்கத்தைக் கொடுக்கிறது. காற்றாலோ நீராலோ குளிர்விக்கும் எந்த வழக்கமான கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. இரண்டு கூலர்களுக்கு இடையில் வாட்டுக்கு 0.02 டிகிரி வேறுபாடு இருந்தால், 100 வாட்டில் அது 2 டிகிரி. நொக்டுவாவின் என்ஹெச்-டி15 ஃபேன்களோடு 1.32 கிலோ எடையுள்ள அருமையான கருவி. அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வரும் தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, விளையாட்டுச் சுமையில் அதற்குச் சில டிகிரிதான் பின்தங்குகிறது. அந்தச் சில டிகிரியால் மெகாஹெர்ட்ஸ் பெயரளவுக்குத்தான் மாறும்.

நம் ஊர்க் கோடையை முன்வைத்து எழும் மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கூலரில் ஏறும் டிகிரிகளை அறை வெப்பத்துக்கு மேல்தான் கணக்கிட வேண்டும். 22 டிகிரி அறையில் 100 டிகிரி எல்லைக்குள் 200 வாட்டைச் சமாளிக்கும் கூலர், ஏசி இல்லாத 35 டிகிரி சென்னை அறையில் 167 வாட்டைத்தான் சமாளிக்கும். வெளிநாட்டுச் சோதனை எண்களை அப்படியே நம்பாமல் ஆறில் ஒரு பங்கு கழித்துக்கொள்வது அவசியம். ஆனால் இந்தக் கணக்கு பெரிய கூலரை மட்டும் பரிந்துரைக்கவில்லை. பெட்டிக்குள் காற்று தேங்கினால் 35 டிகிரி 45 ஆகும். அதைச் சரிசெய்ய முன்பக்கத்தில் இரண்டு நல்ல ஃபேன்களும் வலைத்திறப்புள்ள பெட்டியும் போதும். வோல்டேஜை 5 விழுக்காடு குறைத்தால் அதே வேகத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். அதற்குச் செலவே இல்லை.

ஆகவே இன்று கூலர் வாங்குகிறவர் தொடங்க வேண்டிய இடம் கூலர் அல்ல. சிப் விளையாட்டில் உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது, சிலிக்கனிலும் மூடியிலும் எவ்வளவு டிகிரி முன்பே செலவாகிவிடுகிறது, அறை எவ்வளவு சூடு என்ற மூன்றையும் முதலில் அறிய வேண்டும். பிறகு அந்தச் சுமையை ஃபேன் வேகத்தின் பாதியில் சமாளிக்கும் ஒரு கோபுரக் கூலரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அமைதியைத்தான் வாங்குகிறது. அமைதி மதிப்புள்ள பொருள். 7000 சுற்று ஃபேனை ஒரு தலைமுறை தாங்கிக்கொண்டதை நினைத்தால், இந்தத் துறையின் மிகப் பெரிய சாதனையே அதுதான் என்று தோன்றுகிறது. அமைதிக்காக விரும்பிப் பணம் கொடுக்கிறவர் ஏமாறவில்லை. வேகம் கிடைக்கும் என்று நம்பிக் கொடுக்கிறவர் மட்டுமே ஏமாறுகிறார். அந்தப் பணம் அடுத்த தலைமுறைச் சிப்புக்கோ கிராஃபிக்ஸ் கார்டுக்கோ போயிருந்தால், அவர் தேடிய வேகம் அங்கே கிடைத்திருக்கும்.